கப்பலில் வந்த தலைவாசல்

சிதம்பரநாதன் லேசில் கோபப்படுகிற ஆளில்லை. தி.நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவருக்குக் கோபமெல்லாம் கட்டுப்படியாகாது. கடையில் இருக்கிற டம்ளரையெல்லாம் எடுத்துப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அப்புறம் வர்றோம் அண்ணாச்சி" என்று எழுந்து போகிறவர்களையும் சிரித்த முகமாக வாசல்வரை வந்து வழியனுப்புவார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மனுஷன் ஒத்தைக்காலில் நின்றார். சொந்த வீடு கட்டினால் அதன் தலைவாசல் நிலை பர்மா தேக்கில்தான் இருக்கவேண்டும். இதற்கு மேல் யார் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் அவர் குடியிருந்த வாடகை வீடு. கல்யாணமான கையோடு சாத்தான்குளத்திலிருந்து சரோஜாதேவியைக் கூட்டிக்கொண்டு வந்து ஏறிய அதே இரண்டாம் மாடிதான் இன்றைக்கும். கீழே வீட்டுக்காரர், மேலே இவர்கள், வாசல் எல்லாருக்கும் ஒன்றுதான். அந்த வாசலின் நிலையும் கதவும் பர்மா தேக்கு, ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தது என்பதை நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்காது. "மெல்லச் சாத்துங்க அண்ணாச்சி, பர்மா தேக்கு." "சைக்கிளைச் சாய்க்காதீங்க, பர்மா தேக்கு." மகள் ஜெயஸ்ரீ பிறந்து, பச்சைப்பிள்ளையோடு சரோஜா படியேறி வந்த அன்றைக்கு ஆரத்தி சுற்றினார்கள். அப்போதும் அந்த மகராசன், "தண்ணி நிலையில படாம அந்தப் பக்கமா ஊத்துங்க" என்றார்.  கைக்குழந்தையை வாங்கிக்கொண்டு மேலே போன சிதம்பரநாதன், நம்ம வீட்டுக்கும் ஒரு நாள் இதே மாதிரி நிலை வைக்கிறேனா இல்லையா பார் என்று பெண்டாட்டியிடம் சொன்னார்.

சரோஜா விழுந்து விழுந்து சிரித்தாள். எதற்கும் சிரிக்கிற பிறவி அது. "நிலையெல்லாம் இருக்கட்டும். மொதல்ல சொவர் எழுப்புங்க. சொவர் இல்லாம நிலைய மட்டும் நட்டுவச்சா ஊர்க் கழுதையெல்லாம் நொழைஞ்சு போகும்" என்றாள்.

சுவர் எழுப்பத்தான் இத்தனை காலம் ஆயிற்று. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அடையாற்றில் ஒரு சின்ன மனை வாங்கினார். மனையின் நடுவே ஒரு பெரிய வேம்பு. அதை வெட்ட மனசு வராமல் வீட்டு வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு டிசம்பர் மாதம் வந்த புயல் அந்தச் சிரமத்தைத் தீர்த்துவைத்தது. மழை விட்டு இருவரும் போய்ப் பார்த்தபோது வேம்பு வேரோடு சாய்ந்து கிடந்தது.

சரோஜா அதன் அடிமரத்தைத் தடவிப் பார்த்தாள். "ஏங்க, இதையே அறுத்து நிலை வச்சா என்ன? நம்ம ஊர்ல பாதி வீட்டுல வேப்பமர நிலைதானே?"

"நல்லாச் சொன்னே போ. உஸ்மான் ரோட்டுல ஒருத்தன் பாக்கியில்லாம எம் மூஞ்சிக்கு நேரா சிரிப்பான்."

"சிரிக்கட்டுமே. நாம குடியிருக்கப் போறோமா, அவன் குடியிருக்கப் போறானா?"

"சும்மா இரிட்டி" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கிளைகளை வெட்டி மனையின் மூலையில் குவித்தார்கள். அடிமரமும் அங்கேயே மழையிலும் வெயிலிலும் கிடந்தது.

வீட்டு வேலை பாதி நடக்கும்போதுதான் சரோஜாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ராயப்பேட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். இதயம் வீங்கியிருக்கிறது, மருந்தில் கொஞ்ச நாள் தள்ளலாம், மாடிப்படி மட்டும் ஏறவே கூடாது, சீக்கிரம் கீழ்வீட்டுக்கு மாறிவிடுங்கள் என்றார் டாக்டர். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று ஜெயஸ்ரீ தனியாகப் போய்க் கேட்டாள். டாக்டர் மருந்துச் சீட்டை மடித்து அவள் கையில் கொடுத்தார். ஜெயஸ்ரீ தேனாம்பேட்டையில் புருஷன் வெங்கடேஷோடு இருக்கிறவள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டே போனாள்.

அடையாற்று வீடு தரையோடு தரையாக ஒரே தளம். படி என்று பார்த்தால் வாசற்படி ஒன்றுதான். சித்திரை பிறக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது. தரை போட்டாயிற்று, குழாயில் தண்ணீர் வந்தாயிற்று, விளக்கு எரிந்தது, அடுக்களை மேடை பளபளவென்று இருந்தது. முன்பக்கம் தலைவாசலுக்கு விட்ட இடம் மட்டும் காலியாக இருந்தது. மேஸ்திரி அதில் ஒரு தகரத்தை வைத்து அடைத்திருந்தார். அந்தத் தகரத்துக்குப் பதிலாக வரவேண்டிய பர்மா தேக்கு கடலில் எங்கேயோ இருந்தது.

சைதாப்பேட்டை மரக்கடை உமர் ஃபாரூக்கிடம்தான் சொல்லிவைத்திருந்தார். உமர் நாணயமான ஆள். முதல் நாளே உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி, அங்கேயிருந்து முழு மரம் வெளியே விடறத நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சு. அறுத்த கட்டைதான் வரும். இப்போ அங்கே சண்டை வேற. நீங்க கேக்கறது முடிச்சு இல்லாத நெடுங்கட்டை. சொல்லி வைக்கிறேன், வரும். எப்போ வரும்னு அல்லாவுக்குத்தான் தெரியும். அவசரம்னா தோ, இது ஆப்பிரிக்காவுலேருந்து வந்த கானா தேக்கு. அது தென் அமெரிக்காவுலேருந்து வந்தது. அந்தப் பக்கம் மலேசியா மரம். எது வேணும் சொல்லுங்க, நாளைக்கே அறுத்துத் தர்றேன்."

"என்ன பாய், பூரா வெளிநாட்டுச் சரக்காவே இருக்கே? நம்ம நாட்டுல மரமே மொளைக்கலையா?"

உமர் சிரித்தார். "மொளைக்குது அண்ணாச்சி. காட்டுல இருக்கறத வெட்டக்கூடாது, அது நியாயம்தான். வெளியே நட்டு வளத்தது பத்தல. ஊர் முழுக்க வீடு கட்டிக்கிட்டே இருக்கு. ஒரு படி அரிசியை வடிச்சு எத்தனை பந்திக்குப் போடறது? கதவு, கட்டில், பிளைவுட்டு, உங்க வீட்டுப் புள்ளைங்க எழுதற காகிதம் வரைக்கும் எங்கேயோ ஒரு தேசத்து மரம் கலந்திருக்கும். கப்பல் ஒரு மாசம் நின்னுச்சுன்னா நானும் கடையைச் சாத்திட்டு மீன்பிடிக்கப் போகவேண்டியதுதான்."

சிதம்பரநாதன் கட்டிய வீடும் அப்படித்தான் இருந்தது. ஜன்னல் சட்டமும் புறவாசல் கதவும் மலேசியா. அறைக் கதவுப் பலகை வியட்நாமோ இந்தோனேசியாவோ, ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்தால்தான் தெரியும். அடுக்களை அலமாரி எந்தத் தேசத்து மரத்தூளோ. இதற்கெல்லாம் மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கிடைத்ததை வாங்கிப் போட்டார். தலைவாசலில் மட்டும் கானா என்றால் முகம் சுளித்தார். நமக்கே ஓடிப்போய் அந்தத் தோளைப் பிடித்து உலுக்கலாம்போல இருக்கும்.

ஜெயஸ்ரீ உலுக்கத்தான் செய்தாள். "அப்பா, பிளாட்டுல இருக்கறவங்கள்லாம் நிலையா வைக்கிறாங்க? தகரத்த எடுத்துட்டு ஏதாவது ஒரு கதவை மாட்டுங்க. பால் காய்ச்சி அம்மாவைக் கீழ்வீட்டுல படுக்க வைப்போம். பர்மா வரும்போது மாத்திக்கலாம்."

"நிலை வைக்காம பால் காய்ச்ச அது என்ன டீக்கடையா? ஒரு தடவ வச்ச நிலையப் பேத்து எடுப்பாங்களா? அபசகுனம்மா."

"சரி, புறவாசல் வழியாவாவது கூட்டிட்டுப் போய் ஒரு தடவ வீட்டைக் காட்டுங்க. அம்மா இன்னும் உள்ளே போய்ப் பாக்கல."

"வீட்டுக்கு மகாலட்சுமி புறவாசல் வழியாவா வருவா? நீ சின்னப் பொண்ணு, ஒனக்குத் தெரியாது."

இதையும் அவர் பிரியத்தில்தான் சொன்னார், அதுதான் கொடுமை. சரோஜா மேல் அவருக்கு உயிர். இத்தனை வருஷம் அடுத்தவன் வாசலில் ஒதுங்கி ஒதுங்கி நடந்தவளை, மஞ்சள் குங்குமம் வைத்த சொந்த நிலைக்கு நடுவே கைபிடித்து அழைத்துப் போகவேண்டும், வீட்டுக்காரர் நின்று பார்க்கவேண்டும் என்று கனவு கண்டார். அவரையும் முதல் ஆளாகக் கூப்பிட்டுவைத்தாயிற்று.

கப்பல் சித்திரையில் வரும் என்றார்கள். சிங்கப்பூரில் வரிசையில் நிற்கிறது என்றார்கள். வைகாசி முகூர்த்தமெல்லாம் போயிற்று. சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, மரத்துக்குப் பூச்சிமருந்துப் புகை போட்ட சான்றிதழில் ஏதோ தேதி ஒத்துவரவில்லை என்று சுங்கக்காரர்கள் சரக்குப் பெட்டியைத் திறக்க விடவில்லை. ஆனியும் முடிந்தது. ஆடி பிறந்துவிட்டால் யாராவது நிலை வைப்பார்களா, பால் காய்ச்சுவார்களா? ஆவணி முதல் முகூர்த்தத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார் சிதம்பரநாதன்.

இதற்குள் சரோஜா கீழே இறங்குவதையே விட்டுவிட்டாள். இறங்கினால் ஏறவேண்டுமே. கூடையில் கயிறு கட்டிக் காய்கறி வண்டிக்காரனிடம் மாடியிலிருந்து இறக்குவாள். பூக்காரி அதில் முழம் பூவைப் போட்டு அனுப்புவாள். கால் வீங்கியிருந்தது. பேச்சு மட்டும் குறையவில்லை. "எங்க வரைக்கும் வந்திருக்கு உங்க பர்மாக்காரி? தாலி கட்டி வந்த நானே ஒரு ராத்திரி ரயில்ல வந்து சேந்துட்டேன்" என்பாள்.

ஆடி பிறந்த அன்றைக்கு மட்டும் கேலி இல்லாமல் கேட்டாள்.

"ஏங்க, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அந்த வீட்டு அடுக்களையில ஒரு தடவ பால் பொங்கி நான் பாக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

"பாப்பேட்டி. ஆவணி என்ன தூரத்துலயா இருக்கு? ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தப் பால் பானையையாவது கடையிலேருந்து குடுத்துவிடுங்க. பாத்துக்கிட்டாவது இருக்கேன்" என்றாள். புதுவீட்டுக்கென்று அவர் தனியாக எடுத்துவைத்த வெண்கலப் பானை அது. கழுத்தில் வரி வரியாகக் கோடு போட்ட, கனமான பானை. அவருக்கும் சந்தோஷமாகப் போயிற்று, அன்றைக்கே கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு கோடுகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

சில நாள் கழித்து உமர் கூப்பிட்டார். பெட்டி திறந்தாயிற்று, மரம் கடைக்கு வந்துவிட்டது. சிதம்பரநாதன் கடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து சைதாப்பேட்டைக்கு ஓடினார். அடடா, என்ன மரம்! தேன் நிறம். மருந்துக்கும் ஒரு முடிச்சு இல்லை. குனிந்து மோந்து பார்த்தார். எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. நாலு கட்டையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. சரோஜா.

"எங்க இருக்கிய?"

"பாய் கடையில. மரம் வந்துட்டுட்டீ!"

"அப்படியா? சரி, கொஞ்சம் கெளம்பி வரமுடியுமா?"

"எங்க? வீட்டுக்கா? ஏன், மூச்சு வாங்குதா?"

"அதெல்லாம் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். நீங்க சரின்னு சொல்லுங்க, எங்கன்னு சொல்லுதேன்."

"ஏட்டி, மரத்தப் பாத்துக்கிட்டிருக்கேன். இதவிட அப்படி என்ன அவசரம் ஒனக்கு?"

 "சரி, பாருங்க. நல்லாப் பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

அவர் நன்றாகத்தான் பார்த்தார். சாயங்காலம்வரை பார்த்தார். நிலையின் தலைக்கட்டையில் கஜலட்சுமி செதுக்க ஆசாரியை வரவழைத்துப் பேசி முடித்துவிட்டு வீடு வந்தால், சரோஜா மாடிப்படியின் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவருக்கு வந்தது பாருங்கள் கோபம்.

"எவன் ஒன்னைய எறங்கச் சொன்னான்? எங்க போனே?"

"கபாலி கோயிலுக்கு. போகணும்போல இருந்துச்சு, ஆட்டோவுல போயிட்டு வந்தேன். ஏசாதிய, கையப் புடிங்க."

முகம் வெளுத்திருந்தது, கண் மட்டும் அப்படி ஒரு பிரகாசமாக இருந்தது. கைத்தாங்கலாக மேலே கூட்டிப் போய்ப் படுக்கவைத்தார். மரத்தைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். கோயிலில் என்ன பார்த்தாய் என்று அவர் கேட்கவில்லை.

ஆடி முடிவதற்குள் ஒரு காலையில் சரோஜா போய்விட்டாள். காப்பி ஆற்றிக் கொண்டுவந்து கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. அந்த மாடிப்படி வழியாகத்தான் அவளை இறக்கினார்கள். வீட்டுக்காரரின் பர்மா நிலையில் இடித்துவிடாமல் பாடையைச் சாய்த்துப் பிடித்து வெளியே கொண்டுவர நாலு பேரும் திணறினார்கள். முன்பெல்லாம் சண்டை வந்தால், "நான் செத்தா எந்தக் கட்டையில வச்சுக் கொளுத்துவிய, அதுக்கும் பர்மாதானா?" என்று சரோஜா கேட்பாள். பெசன்ட் நகர் மின்மயானத்தில் எந்தக் கட்டைக்கும் வேலை இருக்கவில்லை. கதவு திறந்தது, உள்ளே போனாள், கதவு மூடிக்கொண்டது.

ஆவணியில் நிலை வந்து இறங்கியது. கஜலட்சுமி அவ்வளவு அழகாக அமைந்திருந்தாள். யாருக்கு வேண்டும்? வருஷம் திரும்பட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். இத்தனை மாதம் அவளைக் காக்கவைத்த மரம், சாக்குச் சுற்றி, புதுவீட்டுக் கூடத்தில் படுத்துக் கிடந்தது. சிதம்பரநாதன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கடை, கடை விட்டால் அதே மாடி. வெண்கலப் பானையை மட்டும் ஒரு நாள் தேடினார். பரண், பீரோ, அடுக்களை எல்லாம் புரட்டிப் பார்த்தும் அகப்படவில்லை. அவள் மடியில் வைத்துத் தடவிய பானை ஆயிற்றே என்று அன்றைக்கு முழுக்க அழுதார்.

தலைதிவசம் கழிந்தது. மறு ஆவணியில் ஜெயஸ்ரீ விடாப்பிடியாக நின்று முகூர்த்தம் குறித்தாள். நிலையை நிறுத்தி, அன்றைக்கே பால் காய்ச்சிவிடுவது என்று ஏற்பாடு. கடையிலிருந்து வேறொரு பானை வந்தது. சொந்தக்காரர்கள் வந்தார்கள். வீட்டுக்காரரும் வேட்டி சட்டையில் கைத்தடியோடு வந்து சேர்ந்தார்.

ஆசாரிகள் நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து தலைக்கட்டையில் கட்டினார்கள். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சிதம்பரநாதன் முன்னே போனார். ஊரிலிருந்து வந்திருந்த அவர் சித்தப்பா மெல்ல அவர் கையைப் பிடித்தார்.

"சிதம்பரம், நீ கொஞ்சம் தள்ளி நில்லுய்யா. சந்தனம் தொட்டு வைக்கது சோடியா இருக்கவங்கதான் செய்யணும். ஜெயஸ்ரீயும் மாப்பிள்ளையும் வைக்கட்டும்."

சித்தப்பா நல்ல மனசோடுதான் சொன்னார். சிதம்பரநாதனும் தலையை ஆட்டிக்கொண்டு கிண்ணத்தை மகளிடம் கொடுத்தார். காலமெல்லாம் கனவு கண்ட நிலைக்கு ஒரு பொட்டுச் சந்தனம் வைக்க அவருக்கு இடமில்லை. அங்கே நிற்க முடியாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

பின்பக்கம் வேப்பங்கட்டைக் குவியல் அருகே தாயம்மா உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தாயம்மாவும் அவள் புருஷன் ரகுபதியும்தான் அந்த மனைக்குக் காவல். சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் இருந்த அவர்கள் குடிசையை அரசாங்கம் எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பியிருந்தது. அங்கே இருந்தால் பிழைப்பு இல்லை என்று கட்டட வாட்ச்மேன் வேலைக்கு இங்கேயே வந்து தங்கிவிட்டவர்கள். அவரைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"இன்னா சார், அல்லாரும் அங்க கீறாங்க, நீங்க இங்க வந்துக்கினு."

"சும்மாதாம்மா."

அவள் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள். விறுவிறுவென்று மோட்டார் அறைக்குப் போய், பழைய புடவைத் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து அவிழ்த்தாள். வெண்கலப் பானை. கழுத்தெல்லாம் புளி போட்டுத் தேய்த்து மின்னியது. அடிப்பக்கம் மட்டும் கரி பிடித்துக் கறுப்பாக இருந்தது.

"இது... இது எப்படி ஒங்கிட்ட?"

"அம்மா குட்த்து வெச்சாங்கோ சார். ஆவணிக்கு இதே பானைதான் வோணும், பத்திரமா வெச்சிக்கோன்னாங்கோ. போன வருசமே தந்திருப்பேன். சாவுக்கு வந்தப்ப உங்க மூஞ்சியப் பாத்து வாய் வர்ல, அப்பால நீங்க இந்தாண்ட வரவே இல்ல."

"அவ எப்ப இங்க வந்தா?"

"போன வருச ஆடியில. பகல்ல. ஆட்டோல வந்து எறங்கினாங்கோ, கையில இந்தப் பானை, ஒரு பால் பாக்கெட்டு. 'தாயம்மா, அந்தத் தகரத்த எடு'ன்னாங்கோ. இன்னாம்மா, நெலையே இல்லயேன்னேன். இதோ கெடக்குதே எங்க வூட்டு மரம்னு இந்த வேப்பங்கட்டையக் காட்டினாங்கோ. ரெண்டு நீட்டுக் கட்டைய நானு ஒண்ணு, எங்க வூட்டுக்காரு ஒண்ணு, அந்தண்ட இந்தண்ட நிறுத்திப் புடிச்சிக்கினோம். அதுக்கு மஞ்ச தடவி, குங்குமம் வெச்சி, நடுவால கும்பிட்டுக்கினே உள்ள போனாங்கோ. எனக்கு அழுவாச்சியா வந்துடுச்சு சார்."

சிதம்பரநாதன் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அடுப்பு ஏதும்மா?"

"அடுக்களையில மூணு செங்கல்ல வெச்சி இந்தச் சுள்ளியத்தான் எரிச்சோம். ஆடி மாசம்மா இதுன்னு சொன்னேன். 'தாயம்மா, எனக்குக் கெடச்சது ஆடிதான்'னு சிரிச்சாங்கோ. பால் பொங்கறதுக்கு மின்னாடி உங்களுக்கு போன் போட்டாங்கோ. நீங்க வந்தா சேந்து பாக்கலாம்னு தீயக்கூட இசுத்து வெச்சிக்கினு கீறோம். நீங்க மரம் பாத்துக்கினு கீறீங்கன்னு சொன்னீங்களாமே. போன வெச்சிட்டு, 'சரி, தள்ளு தாயம்மா, பொங்கட்டும்'னாங்கோ. நல்லாப் பொங்குச்சு சார், நாலு பக்கமும். கையத் தட்டினாங்கோ, கொழந்த மாதிரி."

"என்கிட்ட ஏன் சொல்லல? கோயிலுக்குப் போனேன்னு சொன்னாளே!"

"சொல்லாதேன்னுட்டாங்கோ. 'ஆவணியில அவரு ஆசை ஆசையா கையப் புடிச்சி இஸ்துக்கினு வருவாரு, நான் இன்னிக்கித்தான் பாக்கற மாதிரி அய்யோ வூடு எவ்ளோ அழகுன்னு நடிப்பேன், நீயும் சிரிச்சிக் காட்டிக் குட்த்துடாதே'ன்னாங்கோ."

அவர் பானையை வாங்கிக்கொண்டார். அடியில் பிடித்திருந்த கரியை விரலால் தடவிப் பார்த்தார். 

"எனக்குன்னு... பால் ஏதாவது எடுத்து வச்சாளா?"

"ஒரு டம்ளர் எடுத்து வெச்சாங்கோ சார். ரொம்ப நேரம் பாத்துக்கினு கீந்தோம். வெயிலு, திரிஞ்சி பூட்ச்சி. அப்புறம் அவங்களே எடுத்தாந்து, தோ இந்த மரத்தாண்ட ஊத்திட்டு ஆட்டோ ஏறினாங்கோ."

குவியலின் ஓரத்தில் இரண்டு நீளக் கட்டைகளை தாயம்மா தனியாகச் சாய்த்து வைத்திருந்தாள். ஒரு மழைக்காலம் போயும் ஒரு கட்டையில் மட்டும் மஞ்சள் மங்கலாகத் தெரிந்தது. அதற்கு நடுவே ஒரு பொட்டு. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

முன்பக்கம் மேளம் கேட்டது. நிலை அமர்ந்துவிட்டது. "அப்பா எங்கே?" என்று ஜெயஸ்ரீ தேடிக்கொண்டு வந்து கூட்டிப் போனாள். பானை கையில் இருப்பதை அவள் கவனிக்கவில்லை. மாவிலைத் தோரணத்தின் கீழே பர்மா தேக்கு எண்ணெய் பூசி மினுமினுத்தது. வீட்டுக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிட்டே போய், நகத்தால் தட்டி, மோந்து பார்த்தார். ஆயுசில் ஒரு தடவை அவர் வாயிலிருந்து வரவேண்டும் என்று சிதம்பரநாதன் ஏங்கிய வார்த்தை அன்றைக்கு வந்தது.

"அண்ணாச்சி, பொய் சொல்லப்படாது, எங்க நிலையைவிட இது ஒரு படி மேலே. அசல் பர்மா. இப்பல்லாம் யாருக்குக் கிடைக்கும் இது? வாங்க, வலது காலை எடுத்து வச்சு மொதல்ல நீங்க வாங்க. உங்க வீடு!"

எல்லாரும் வழிவிட்டார்கள். சிதம்பரநாதன் நிலைக்கு முன்னால் போய் நின்றார். உள்ளே, கூடத்தைத் தாண்டி அடுக்களைத் தரை தெரிந்தது. 

"நான் வரலய்யா" என்றார்.

"என்னப்பா இது, நல்ல நேரம் போகுது" என்றாள் ஜெயஸ்ரீ.

"அவ வான்னு கூப்பிட்ட அன்னைக்கு நான் வரலம்மா. மரத்தப் பாத்துக்கிட்டிருக்கேன்னு சொல்லிட்டேன். இப்ப நீங்க கூப்பிட்டு எந்த மூஞ்சியோட நான் உள்ள வருவேன்?"

ஜெயஸ்ரீக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவின் கையிலிருந்த பானையை அப்போதுதான் பார்த்தாள். அதன் கரி அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க அப்பியிருந்தது. அவர் திரும்பி நடந்து, வீட்டைச் சுற்றிப் போய், அந்த வேப்பமரத்தின் மேல் உட்கார்ந்தார். பானையை மடியில் வைத்துக்கொண்டு, ஊர் கேட்க வாய்விட்டு அழுதார். கொஞ்ச நேரத்தில், உள்ளே பால் பொங்கிவிட்டது என்று யாரோ சத்தம் போட்டார்கள்.